கொல்லிமலைப் பாட்டி

கொல்லிமலை என்றதும் நம் வட்டத்துக் கவிஞர்களின் நெஞ்சில் வல்வில் ஓரியும் கொல்லிப்பாவையுமே எழுவர். ஓரியின் கொடைச் சிறப்பை வன்பரணர் பாடினார். புறநானூறு அதனைக் காத்து வைத்தது. அதே மலையில் 1974ஆம் ஆண்டு அடக்கம் செய்யப்பெற்ற ஆங்கில மூதாட்டி ஒருவரை நம் மேடைகளில் எவரும் நினைவுகூர்ந்து நான் கேட்டதில்லை. அவர் பெயர் ஈவ்லின் பிராண்ட்.

மலையடிவாரத்துச் சேந்தமங்கலத்திற்குக் கிறித்தவம் புதிதன்று. தத்துவ போதகர் என நாம் அறியும் இராபர்ட் தெ நொபிலி 1623லேயே அவ்வூருக்கு வந்தவர். ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் கழித்து, பாப்டிஸ்ட் சபையைச் சார்ந்த ஜெசி பிராண்டும் ஈவ்லினும் 1913இல் அங்கு மணம் செய்துகொண்டு மலையேறினர். இன்று காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து செல்கிறது; அன்று கால்நடைப் பாதையே உண்டு. இலண்டன் வணிகர் வீட்டில் செல்வமாய் வளர்ந்து, ஓவியம் பயின்று, இறகு சூட்டிய தொப்பியில் ஆசை வைத்திருந்த பெண் அவர் என்பதை ஈண்டு மறத்தலாகாது.

அவர்கள் சமயம் பரப்பவே வந்தனர். இதனை மறைத்து எழுதுவது வரலாறு ஆகாது. மலைமக்கள் மருந்தை ஏற்றனர், சமயத்தை ஏற்கவில்லை. உள்ளூர்ப் பூசாரி வெளிப்படையாகவே எதிர்த்தார். பின்னர்க் கொடுங்காய்ச்சல் பரவியபோது அப்பூசாரியும் படுக்கையில் வீழ்ந்தார். அஞ்சி அனைவரும் விலகி நின்ற வேளையில் கஞ்சியும் மருந்துமாக அருகிருந்தவர்கள் இவ்விருவரே. இறக்குந் தறுவாயில் அவர் தம் பெண்குழந்தையை ஈவ்லினிடம் ஒப்படைத்தார். மலையின் கதவு திறந்தது அன்றுதான் எனலாம்.

நரம்புச் சிலந்தி நோய் அக்காலத்தில் மலைமக்களை வாட்டியது. படிக்கிணற்றில் இறங்கி நீர் மொள்வோரின் காற்புண் வழியே புழு தன் இளம்புழுக்களை நீரில் வெளியிட, அந்நீரைப் பருகியோருக்கு நோய் தொற்றும். கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பி எவரும் நீருள் இறங்காமல் தடுப்பதே வழி. ஜெசி தொடங்கிய இப்பணியை ஈவ்லின் முதுமை வரை தொடர்ந்தார். இந்தியா முழுதும் அந்நோய் ஒழிந்ததென உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது 2000இல்தான்.

1929இல் மலேரியாவின் கொடிய வடிவமான கருநீர்க்காய்ச்சல் ஜெசியைக் கொண்டுபோயிற்று. தனித்து நின்ற ஈவ்லின் இங்கிலாந்து சென்று மீண்டும் இந்தியா வந்தார். ஆயின் மிஷன் அவரைச் சமவெளியில்தான் அமர்த்தியது. எழுபதை நெருங்கியபோது, வயது முதிர்ந்தவருக்குப் பணிநீட்டிப்பு இல்லை எனக் கைவிரித்தது. அம்மையார் வாதாடவில்லை. ஓய்வு பெற்றார், பெற்றதும் தம் பொறுப்பிலேயே மலையேறிக் குடிசை கட்டிக்கொண்டார்! எனக்கு அவர் வாழ்வில் மிகவும் பிடித்த இடம் இதுவே. பணி முடிந்ததென்று அலுவலகம் கருதிய நாளில் அவர் தம் பணியைத் தொடங்கினார். மலைமக்களுக்கு அவர் 'பாட்டி' ஆனதும் இக்காலத்தில்தான்.

எழுபத்தைந்தை எட்டிய வேளையில் இடுப்பெலும்பு முறிந்தது. கட்டிலோடு தூக்கி மலையிறக்கினர். தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்து உலகப்புகழ் பெற்றவரும், அந்நாளில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றியவருமான மகன் பால் பிராண்ட், இனியேனும் ஓய்வெடுக்குமாறு வேண்டினார். பாட்டி இணங்கவில்லை. இரு மூங்கிற்கோல்களை ஊன்றியும் மட்டக்குதிரை ஏறியும் பச்சைமலை, கல்வராயன்மலை வரை சென்றார். கடைசி இருபது ஆண்டுகள் அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி இருந்ததில்லை என்று மகன் எழுதியுள்ளார். ஓவியக் கண் படைத்த ஒருவர் தம் முகத்தை மட்டும் பார்க்காதிருந்தார் என்பது கவிஞர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது.

1974 டிசம்பரில், தம் 95ஆம் அகவையில் மறைந்தார். உடல் மண்ணோடு மண்ணாகட்டும் என்பது அவர் விருப்பம். எனவே சவப்பெட்டி செய்யாமல் எளிய பருத்தித் துணியில் சுற்றி, வாழவந்தியில் கணவர் கல்லறைக்கு அருகே மலைமக்கள் அவரைப் புதைத்தனர்.