சிவஞான முனிவரும் அளவைக் கல்வியும்

பொதிய மலையினின்று இழியும் தாமிரபரணி சமவெளியை எய்தும் இடத்துப் பாபநாசமும் அதனை அடுத்து விக்கிரமசிங்கபுரமும் அமைந்துள்ளன. 18-ஆம் நூற்றாண்டில் இவ்விக்கிரமசிங்கபுரத்தில் ஆனந்தக்கூத்தர்க்கும் மயிலம்மையார்க்கும் மகனாய்த் தோன்றிய முக்களாலிங்கரே, பின்னாளில் திருவாவடுதுறை ஆதீனத்தைச் சார்ந்து, வேலப்ப தேசிகர்பால் அருளுபதேசம் பெற்று, சிவஞான முனிவர் என வழங்கப்பட்டவர். அவர் மறைந்த ஆண்டு 1785. சிவஞானபோதத்திற்கு அவர் இயற்றிய மாபாடியமே அவர்தம் பெருநூலாதலின், அவரைப் பற்றி எழுதுவார் பெரும்பாலும் சமயப் பேராசிரியராகவே அவரைக் கண்டு அமைவர். அவர் ஓர் அளவை நூலாசிரியருமாவர் என்பது நினைவுகூரப்படுவதுண்டு. ஆயின் அவ்வளவைக் கல்வி அவர்தம் ஏனைய நூல்களுள் எவ்வாறு தொழிற்பட்டது என்பது போதிய அளவு ஆராயப்பெற்றிலது. அதனையே ஈண்டு எடுத்துக்கொள்வாம்.

இவ்வாராய்ச்சிக்கு ஒரு தேவையும் உண்டு. ஐயுற்று வினாவுதல், சான்று கேட்டல், பிறர் கூற்றை நிறுத்து நோக்குதல் ஆகியன தமிழர்க்கு ஆங்கிலக் கல்வியோடு வந்தன என்பார் ஒரு சாரார். அவை அனைத்தும் பண்டே நம்மிடம் நிறைந்திருந்தன என்று பெருமிதங் கொள்வார் மற்றொரு சாரார். இரு திறத்தாரும் நூல்களைத் திறந்து காட்டுதல் அரிது. முன்னோர் ஒருவர் எதைக் கற்றார், கற்றதை எங்கே பயன்படுத்தினார், எங்கே பயன்படுத்தத் தவறினார் என்று பார்த்தாலன்றி இவ்வழக்குத் தீராது.

வடமொழியில் 17-ஆம் நூற்றாண்டினரான அன்னம்பட்டர் தருக்க சங்கிரகம் என்னும் சிறு நூலையும், அதற்குத் தீபிகை என்னும் உரையையும் இயற்றினார். இளஞ்சிறார் எளிதில் உணர்தற்பொருட்டே இந்நூல் எழுந்தது என்பது அவர் வாக்கு. இவ்விரண்டனையும் தமிழிற் பெயர்த்தவர் சிவஞான முனிவர். வடமொழி பயில்வார்க்கு முதற்பாடமாக அமைந்த நூலைத் தமிழ் மட்டும் கற்பார்க்கும் முதற்பாடமாக்கிக் கொடுத்தமை சிறிய செயலன்று. வடமொழி அறியாதவனுக்குத் தருக்கம் இல்லை என்னும் நிலையை அது மாற்றிற்று. பின்னர் ஆறுமுக நாவலர் அதனை அச்சேற்றினார்.

அந்நூல் காட்டும் எடுத்துக்காட்டுகள் எங்கிருந்து பிறந்தன என்பதைக் கருதல் வேண்டும். ஒருவன் அடுக்களையில் புகையுள்ள போதெல்லாம் நெருப்பும் உளதாதலைப் பலகாற் கண்டு, இரண்டற்கும் உள்ள விடாத தொடர்பை உள்ளத்திற் கொள்கின்றான். பின் மலையை அணுகி, ஆண்டு நெருப்பு உண்டோ இல்லையோ என ஐயுறுகின்றான், புகையைக் காண்கின்றான், முன் கொண்ட தொடர்பை நினைக்கின்றான், நெருப்பு உண்டு எனத் துணிகின்றான். மலை பக்கம், அடுக்களை சபக்கம், நெருப்பில்லாத மடு விபக்கம். விக்கிரமசிங்கபுரத்துச் சிறுவன் ஒருவனுக்கு இம்மூன்றும் கண்முன் நிற்பன: மேற்கே மலை, வீட்டில் அடுக்களை, ஊர்ப்புறத்தே ஆற்று மடு.

ஈண்டு இரண்டு நுட்பங்கள் உள. முதலாவது, பக்கம் என்பதற்கு அந்நூல் கூறும் இலக்கணம். துணியப்படும் பொருள் உளதோ என்னும் ஐயத்திற்கு இடமாவதே பக்கம். எனவே ஐயம் இல்லாத இடத்துக் கருதலளவைக்கு வேலை இல்லை. ஐயம் அறிவுக்குப் பகை எனக் கருதும் வழக்கு நம்மிடை உண்டு. தருக்க நூலோ ஐயத்தை அறிவின் வாயிலில் நிறுத்துகின்றது. இரண்டாவது, தொடர்பைத் திருப்பிப் போடல் ஆகாது என்பது. புகையுள்ள இடத்து நெருப்பு உண்டு. நெருப்புள்ள இடமெல்லாம் புகை உண்டோ எனின், இல்லை. கொல்லன் உலையிற் பழுக்கக் காய்ந்த இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. புகைக்கு ஈரவிறகின் சேர்க்கையும் வேண்டும். இவ்வாறு மறைந்து நிற்கும் பிறிதொரு காரணத்தைத் தருக்க நூலார் உபாதி என்பர்.

உபாதி என்னும் இக்கருத்து அன்றாட வாழ்வில் மிக்க பயனுடையது. ஓர் ஊரில் ஆண்டுதோறும் கொடைவிழா முடிந்த சில நாளில் மழை பெய்கின்றது என்று கொள்வோம். கொடையால் மழை வந்தது என ஊரார் கூறுவர். கொடை நிகழும் திங்களே மழைக்கு முந்திய திங்களாயின், பருவமே ஈண்டு உபாதியாம். மருந்துண்டபின் நோய் நீங்கிற்று, புதுவீடு புக்கபின் செல்வம் வந்தது என்பன போலும் கூற்றுக்கள் அனைத்தும் இவ்வாறே வினாவப்படுதற்கு உரியன. மருந்தால் நீங்கவில்லை என்பது இதன் கருத்தன்று. ஈரவிறகு எங்கேனும் மறைந்துளதா எனத் தேடாமல் துணிதல் கூடாது என்பதே கருத்து.

இனி, இக்கல்வி முனிவரால் தமிழுக்குப் புதிதாகக் கொணரப்பட்டது என்பதும் பொருந்தாது. தொல்காப்பியச் சொல்லதிகாரம் ஐயப்பொருளைச் சொல்லும் முறையை விதிக்கின்றது. தொலைவில் தோன்றுவது கட்டையோ ஆளோ எனத் தெளியாதவன் உருவு என்றாற்போலும் பொதுச்சொல்லால் அதனைக் கூறல் வேண்டும். தெளியுமுன் உயர்திணை எனவோ அஃறிணை எனவோ முடித்துக் கூறலாகாது. தருக்க நூலார் ஐயத்திற்குக் காட்டும் எடுத்துக்காட்டும் இக்கட்டையும் ஆளுமே. அறிந்த அளவுக்கு மேற் சொல் செல்லலாகாது என்பது தமிழில் இலக்கண விதியாகவே நின்றமை எண்ணி இன்புறத் தக்கது.

மணிமேகலையோ அளவையை விரிவாகவே எடுத்தோதுகின்றது. அறவண அடிகள் மணிமேகலைக்கு உரைக்கும் பகுதியில் போலிகளின் வகை பலவும் கூறப்படுகின்றன. அப்பகுதி வடமொழிப் பௌத்த அளவை நூல்களுள் எதனைத் தழுவியது என்பது பற்றி அறிஞரிடை நெடிய வாதம் நிகழ்ந்தது. அதனுட் புகாது, ஒன்றை மட்டும் நோக்குவாம். மூடுபனியோ புகையோ எனத் தெளியாமலே நெருப்பு உண்டு எனத் துணிவதை அந்நூல் ஏதுப்போலிகளுள் ஒன்றாக வைக்கின்றது. மார்கழி விடியலில் பொதியத்தின் அடிவாரத்தை நோக்கினார்க்கு இப்போலியின் இயல்பு விளக்கமின்றியே விளங்கும்.

அந்நூலின் சமயக் கணக்கர் தந்திறங் கேட்ட காதையில் அளவைவாதி அனுமானத்தை வகைப்படுத்துகின்றான். கருக்கொண்ட முகிலைக் கண்டு மழை வரும் எனல் ஒன்று. ஆற்று வெள்ளத்தைக் கண்டு மேற்றலையில் மழை பெய்தது எனல் மற்றொன்று. இப்பின்னையது கௌதமருடைய நியாய சூத்திர மரபில் வந்த எடுத்துக்காட்டாகும். அச்சூத்திரமே இதற்கு ஒரு தடையையும் எழுப்புகின்றது. ஆற்றை எங்கேனும் அடைத்தமையாலும் நீர் பெருகலாம். எனவே வெள்ளம் மழைக்குச் சான்றாகாது என்பது தடை. அடைப்பினாற் பெருகிய நீர் வேறு, மழையாற் பெருகிய நீர் வேறு. விரைவும் நுரையும் இலையும் கட்டையும் அடித்து வரும் தன்மையும் பின்னையதற்கே உரியன என்பது விடை. வெள்ளம் என்ற ஒரு சொல்லோடு அமையாமல், எத்தகைய வெள்ளம் எனக் கேட்கும் அளவிற்கு ஏதுவைக் கூர்மையாக்க வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். 20-ஆம் நூற்றாண்டிற் பாபநாசத்துக்கு மேல் அணைகள் எழுந்த பின்னர் இத்தடையும் விடையும் ஏட்டளவில் நிற்கவில்லை. இன்று படித்துறையில் நீர் ஏறுமாயின், மலையில் மழையோ மதகு திறப்போ என அவ்வூரார் வினவியே தீர்வர்.

முனிவர் இக்கல்வியை எங்கே பயன்படுத்தினார் எனின், முதற்கண் நூல்களைப் படிப்பதிலேயே என்க. தொல்காப்பியத்தின் பாயிரத்தையும் முதற் சூத்திரத்தையும் பொருளாகக் கொண்டு அவர் ஒரு விருத்தி எழுதினார். அதன்கண் இளம்பூரணர், சேனாவரையர், நச்சினார்க்கினியர் ஆகிய உரையாசிரியர் கூற்றுக்கள் நிறுத்து நோக்கப்படுகின்றன. பழமை காரணமாக ஒரு கருத்தும் ஏற்கப்படவில்லை. கம்பராமாயண முதற் செய்யுளுக்கு அவர் எழுதியதன் பெயரே சங்கோத்தர விருத்தி. அஃதாவது தடையும் விடையுமாகிய உரை. தம் விடையைக் கூறுமுன் மாற்றான் கூறக்கூடிய தடையைத் தாமே எழுப்பி, அதனை அவன் கூறுவதினும் வலிதாகக் கூறும் பழக்கம் இதனாற் கைவருகின்றது. பவணந்தியார் நூலாசிரியர்க்கு வகுத்த எழுவகை மதத்துள்ளும் பிறர் மதத்தை முதலில் மேற்கொண்டு பின் களைதல் என ஒன்று உண்மை காண்க. மாற்றார் கருத்தின் உள்ளே சிறிது நேரம் வாழ்ந்து பார்த்தல் என்று அதனைக் கூறலாம். இன்றைய முதுகலை மாணவர் ஆய்வேடுகளுள் யான் அரிதாகவே காணும் பண்பு இது.

இவ்வகையில் முனிவரின் மிகச் சிறந்த பணி எனக் கருதத் தக்கது நன்னூல் உரைத் திருத்தமே. திருநெல்வேலிச் சங்கர நமச்சிவாயர் ஊற்றுமலை மருதப்பத் தேவர் வேண்டுகோளின்படி நன்னூலுக்கு விருத்தியுரை இயற்றியிருந்தார். முனிவர் அதனைத் தள்ளிவிட்டுப் புதிய உரை ஒன்று எழுதவில்லை. தக்கனவற்றை அவ்வாறே நிறுத்தி, திருத்த வேண்டியவற்றை மட்டும் திருத்தினார். புத்தம்புத்துரை என்பது அதன் பெயர். மறுப்பவர் பெயர் விளங்குமாறு மறுத்தல் எளிது. தம் கை தெரியாமல் மற்றொருவர் நூலைச் செம்மை செய்தல் அரிது.

இதற்கு நேர்மாறானது இலக்கண விளக்கச் சூறாவளி. 17-ஆம் நூற்றாண்டிற் றிருவாரூர் வைத்தியநாத தேசிகர் இயற்றிய இலக்கண விளக்கம் குட்டித் தொல்காப்பியம் எனப் போற்றப்பட்டது. விளக்கை அணைக்கும் சூறாவளி எனத் தம் மறுப்புக்கு முனிவர் பெயரிட்டமையே அவர்தம் உளப்பாங்கைக் காட்டும். தருக்க நூலார் சொற்போரை மூன்றாகப் பகுப்பர். உண்மை காணும் வேட்கையால் நிகழ்வது வாதம். வெல்லும் வேட்கையால் நிகழ்வது செற்பம். தமக்கென ஒரு கொள்கை நிறுவாது பிறர் கொள்கையை அழித்தலே கருதுவது விதண்டை. சூறாவளியுள் வாதம் எனத்தக்க பகுதிகள் பல உள. நன்னூல் நெறியைக் காக்குமிடத்து அவர் காட்டும் காரணங்கள் இன்றும் கற்றற்குரியன. ஆயினும் குற்றம் காண்டலையே தொழிலாகக் கொண்ட ஒரு நூல், அவர் மொழிபெயர்த்த அளவை நூலின் கோலால் அளக்குங்கால், செற்பத்தின் எல்லையுட் பலகாற் புகுந்துவிடுகின்றது என்றே கூறவேண்டும். எடுத்து என்னும் ஒரு சொல்லைக் காத்தற்கு வைரக்குப்பாயம் என ஒரு தனி நூலே அவர் எழுதினார் என்பதும் இதனொடு வைத்து எண்ணத்தக்கது. கூர்மை ஒருவகை இன்பம். அவ்வின்பத்திற்கு முனிவரும் விலக்கல்லர்.

அவருடைய சோமேசர் முதுமொழி வெண்பாவைப் பலர் நீதிநூல் என்று கடந்துவிடுவர். குறள் அதிகாரம் ஒவ்வொன்றிற்கும் ஒரு வெண்பாவாக அமைந்த அந்நூலில், ஒவ்வொரு வெண்பாவின் பிற்பாதி ஒரு குறள். முற்பாதி அக்குறட்கு இலக்காய ஒரு வரலாறு. நோக்கின், இஃது அனுமான உறுப்புக்களுள் மேற்கோளும் எடுத்துக்காட்டும் நின்ற நிலையே. பொதுவிதி கூறினால் போதாது, அது ஒருவர் வாழ்வில் நிகழ்ந்தமை காட்டப்படல் வேண்டும் என்னும் அளவை நூற் பயிற்சி இங்கே இல்லற வாழ்வாரும் படிக்கும் செய்யுளாகியது என்பது என் கருத்து. விபக்கம் காட்டப்படவில்லையே எனின், உண்மை. விதி பொய்த்த வாழ்க்கைகளை அந்நூல் எடுத்துக்கொள்ளவில்லை.

முனிவரின் ஐயத்திற்கு ஓர் எல்லையும் உண்டு. சைவ சித்தாந்திகள் காட்சி, கருதல், உரை என அளவை மூன்றே கொள்வர். ஏனையோர் கூறும் பிற அளவைகள் இவற்றுள் அடங்கும் என்பது சிவஞான சித்தியாரின் துணிபு. இவற்றுள் உரையளவை என்பது ஆகம வாக்கு. அவ்வாக்கின் பொருள் யாது என அவர் எத்துணையும் வினவுவார். யாழ்ப்பாணத்து ஞானப்பிரகாசர் சித்தியார்க்குக் கண்ட பொருளைச் சிவசமவாதவுரை மறுப்பில் அடியொற்றி அடியொற்றி மறுப்பார். வாக்கு உண்மைதானா என்பதோ அவர் எழுப்பிய வினாவன்று. ஒரு நூல் எக்காலத்தது, எச்சூழலில் எழுந்தது என்னும் வரலாற்று வினாவும் அவர்பால் வலுப்பெறவில்லை. கல்வெட்டும் ஏட்டுப் பாடவேறுபாடும் கொண்டு காலம் துணியும் முறை 19-ஆம் நூற்றாண்டின் பின் வந்ததே. முதலிற் கூறிய இரு சாரார்க்கும் இதனால் ஒவ்வொரு கூறு உண்மை எனலாம். ஆயின் இருவர் கூற்றும் முழுமையன்று.

முனிவர் மறைந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலான பின், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சோழவந்தான் அரசஞ்சண்முகனார் தொல்காப்பியப் பாயிரத்தையும் முதற் சூத்திரத்தையும் மீண்டும் எடுத்துக்கொண்டார். பழைய உரையாசிரியரை முனிவர் எவ்வாறு நிறுத்தி நோக்கினாரோ அவ்வாறே முனிவர் கூற்றுக்களை ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்தித் தடையும் விடையுமாகச் சண்முகனார் மறுத்துச் சென்றார். அம்மறுப்புக்களுட் சில தக்கன. சில வலிந்து கொண்டன. அவற்றை வேறு ஆராய்தல் வேண்டும்.