ஒளிரும் எழுத்தின் பூர்வீகம்

ஃபோட்டோஷாப்பில் எழுத்து லேயரைத் தேர்ந்தெடுத்து, 'அவுட்டர் குளோ' என்ற கட்டத்தில் டிக் போட்டால் போதும். எழுத்தைச் சுற்றி வெளிர் மஞ்சளாக ஓர் ஒளி படர்கிறது. அந்த மஞ்சளை யாரும் கேட்கவில்லை, மென்பொருள் தானாகவே வைத்திருக்கும் நிறம் அது. கல்யாண பேனர், யூடியூப் தம்ப்நெயில், சினிமா போஸ்டர் என்று எங்கும் தென்படும் இந்த அலங்காரத்துக்கு ஒரு விநாடிகூட ஆவதில்லை. ஆனால் அந்த ஒரு விநாடிக்குள் கண்ணாடிக் குழாயை நெருப்பில் வளைத்தவர்களும், இருட்டறையில் சினிமா டைட்டில் எடுத்தவர்களும் பல தலைமுறைகளாகச் செய்த கைவேலை ஒடுங்கிக் கிடக்கிறது.

கதை ஒரு வாயுவிலிருந்து தொடங்குகிறது. 1898-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் வில்லியம் ராம்சேயும் மோரிஸ் டிராவர்ஸும் திரவமாக்கிய காற்றைப் பகுதி பகுதியாகக் கொதிக்கவிட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்படிக் கிடைத்த ஒரு வாயுவைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து மின்சாரம் பாய்ச்சியதும் செக்கச்சிவந்த வெளிச்சம் வந்தது. அதுதான் நியான். சுமார் 55,000 லிட்டர் காற்றை வடித்தால் ஒரு லிட்டர் நியான் தேறும். அப்படிப்பட்ட அரிய பொருளை வைத்துக் கடைக்குப் பெயர்ப்பலகை செய்ய அன்று யாருக்குத் தோன்றியிருக்கும்?

ஜார்ஜ் க்ளோதுக்கு அது வேறு வழியில் கைக்கு வந்தது. இந்தப் பிரெஞ்சுக்காரர் காற்றைத் திரவமாக்கி ஆக்சிஜனை விற்கும் தொழிலில் இருந்தவர். 1902-இல் தொடங்கிய 'ஏர் லிக்கிட்' நிறுவனம் அவருடைய முறையை நம்பி எழுந்ததுதான். பெருமளவில் காற்றை வடிக்கும் ஆலையில் நியான் மிச்சமாகத் தங்கியது. அவருக்கு முன்பே அமெரிக்காவில் மெக்ஃபார்லன் மூர் என்பவர் நைட்ரஜனும் கரியமில வாயுவும் அடைத்த ஒளிக்குழாய்களைக் கடைகளில் பொருத்தியிருந்தார். அவற்றில் ஒரு தொல்லை: எரிய எரிய உள்ளே இருக்கும் வாயு குறைந்துகொண்டே போகும், மீண்டும் நிரப்ப ஏற்பாடு வேண்டும். நியானோ எதனுடனும் சேராத வாயு. அதோடு க்ளோத் மின்முனைகளைப் பெரிதாக்கி, அவை அரிக்கப்படும் வேகத்தையும் குறைத்தார். 1910 டிசம்பரில் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் 12 மீட்டர் நீளமுள்ள இரண்டு நியான் குழாய்கள் எரிந்தன. மின்முனைக்கான அமெரிக்கக் காப்புரிமை 1915-இல் கிடைத்தது.

க்ளோதின் ஆசை வீட்டு விளக்கு விற்பது. ஆனால் செக்கச்சிவந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து சாப்பிட யாருக்கு மனம் வரும்? கூட்டாளி ஜாக் ஃபோன்செக் தான் இதை விளம்பரத்துக்குத் திருப்பினார். 1912-இல் பாரிஸின் மான்மார்த்ர் சாலையில் இருந்த ஒரு முடிதிருத்தும் கடைக்கு முதல் பலகை போயிற்று. அடுத்த ஆண்டு ஷான்ஸெலிஸே வீதியில் 'சின்சானோ' மதுவின் பெயர் எரிந்தது. பிறகு உரிமம் வாங்கியவர்கள் வழியாக நியான் அட்லாண்டிக்கைத் தாண்டிப் பரவியது. (க்ளோதின் கடைசிக் காலம் அவ்வளவு பிரகாசமாக இல்லை. ஜெர்மனி பிரான்ஸைப் பிடித்திருந்தபோது நாஜிகளுக்குத் துணைபோன குற்றத்துக்காக 1945-இல் ஆயுள் தண்டனை பெற்றார், 1950-இல் விடுதலையானார்.)

நியான் பட்டறையின் வேலைமுறையை அறிந்தவர்களுக்கு, இன்றைய கணினி எழுத்துகளின் சாடை எங்கிருந்து வந்தது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதலில் தீப்பிடிக்காத கல்நார்த் தாளில் எழுத்தை உண்மை அளவில் வரைவார்கள், அதுவும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாற்றி. குழாயைத் தாளின்மீது வைத்துச் சரிபார்த்துச் சரிபார்த்து வளைக்க வேண்டும், வளைப்பவர் இருப்பதோ எழுத்தின் முதுகுப் பக்கம். குழாயைத் தீச்சுவாலையில் காட்டி, இளகிய கணத்தில் வெளியே எடுத்து, தாளில் உள்ள கோட்டோடு பொருந்தும்படி வளைக்க வேண்டும். வளைவில் குழாய் சப்பையாகாமல் இருக்க, வாயில் கவ்விய ரப்பர்க் குழாய் வழியாக மெல்ல ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். தவறினால் அந்தக் கண்ணாடி குப்பைக்குத்தான். வளைத்து முடிந்ததும் காற்றை உறிஞ்சி, பலத்த மின்சாரம் பாய்ச்சி உள்ளே ஒட்டிய அசுத்தங்களை எரித்து வெளியேற்றி, அதன் பிறகே வாயுவை அடைப்பார்கள். நியான் தருவது சிவப்பு மட்டுமே. ஆர்கானோடு சிறிது பாதரசம் சேர்த்தால் நீலம். மற்ற நிறங்களுக்குக் கண்ணாடியின் உள்ளே ஒளிரும் பூச்சு வேண்டும்.

ஒரே குழாய் பல எழுத்துகளுக்கும் ஓடும். ஓர் எழுத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும் துண்டு கண்ணில் படக் கூடாது என்பதால் அதன்மேல் கறுப்புச் சாயம் பூசிவிடுவார்கள். இன்று 'நியான்' என்ற பெயரில் கிடைக்கும் எழுத்துருக்களில் கோடு ஒரே தடிமனாக இருப்பதும், ஆங்காங்கே அறுந்து நிற்பதும் இதனால்தான். குழாய்க்குத் தடிமன் மாறாது, சாயம் பூசிய இடத்தில் வெளிச்சம் வராது. கணினிக்கு இந்த இரண்டு கட்டாயமும் கிடையாது. இருந்தும் விடாமல் நகலெடுக்கிறார்கள்.

நகலெடுத்ததில் விசித்திரமான ஒன்றும் உண்டு. கணினியில் நியான் எழுத்து செய்கிறவர்கள் நடுவில் வெள்ளையும் ஓரத்தில் நிறமுமாகச் செய்வார்கள். தெருவில் நின்று பார்த்தால் நியான் குழாய் உள்ளும் புறமும் ஒரே சிவப்பாகத்தான் தெரியும். நடு வெள்ளை எங்கிருந்து வந்தது? கேமராவிலிருந்து. இரவில் எடுக்கும் படத்தில் குழாயின் வெளிச்சம் ஃபிலிமின் தாங்கும் சக்தியைத் தாண்டிவிடுவதால் நடுப்பகுதி வெளுத்துப்போகும், ஓரத்தில் மட்டும் நிறம் தங்கும். சுற்றிப் படரும் ஒளிவட்டத்தின் கதையும் இதே கதைதான். பிரகாசமான வெளிச்சம் ஃபிலிமை ஊடுருவி, அதன் முதுகில் பட்டுத் திரும்பி, எழுத்தைச் சுற்றிக் கசிந்து பதியும். இதை ஒரு கோளாறாகக் கருதிய ஃபிலிம் தயாரிப்பாளர்கள், அதைத் தடுக்க ஃபிலிமின் பின்புறம் கறுப்புப் பூச்சுக் கொடுத்தார்கள். இப்போதோ கோடாக் சினிமா ஃபிலிமிலிருந்து அந்தப் பூச்சை வேண்டுமென்றே நீக்கி 'சினிஸ்டில்' என்ற பெயரில் விற்கிறார்கள். இரவு விளக்குகளைச் சுற்றிச் சிவப்பு வளையம் விழுகிறது என்பதற்காகவே அதை வாங்குகிறார்கள். ஆக, ஃபோட்டோஷாப் நகலெடுப்பது நியானை அல்ல, நியானின் புகைப்படத்தை. அதிலும் புகைப்படத்தில் விழுந்த பிழையை.

அந்தப் பிழையை வேண்டியபோது வரவழைக்கும் வித்தையைச் சினிமாக்காரர்கள் கணினிக்கு வெகு முன்பே கற்றிருந்தார்கள். எழுத்தைக் கறுப்பு வெள்ளை மட்டுமே பதியும் லித் ஃபிலிமில் எடுப்பார்கள். எழுத்து உள்ள இடம் கண்ணாடிபோல் தெளிவாகவும் மற்ற இடம் கன்னங்கரேல் என்றும் இருக்கும். அதை மேலிருந்து கீழே பார்க்கும் கேமராவுக்கு அடியில் வைத்து, கீழிருந்து விளக்குப் போட்டு, இடையில் வண்ண ஜெலட்டின் தாளைச் செருகுவார்கள். ஒருமுறை கூர்மையாகப் படம் பிடித்தபின், ஃபிலிமைப் பின்னுக்குச் சுற்றி, லென்ஸ் முன் மங்கலாக்கும் வடிகட்டியை மாட்டி, அதே இடத்தில் மறுபடி பிடிப்பார்கள். கூரான எழுத்தின்மேல் மங்கிய எழுத்தின் ஒளி கூடிவிழும். ஸ்டீவன் லிஸ்பெர்கர் இயக்கிய 'ட்ரான்' (1982), கணினிக்குள் நடக்கும் கதைப்பகுதியில் நடிகர்கள் வரும் காட்சிகளுக்கெல்லாம் இந்த வேலையைச் செய்தது. நடிகர்களைக் கறுப்புப் பின்னணியில் கறுப்பு வெள்ளையில் எடுத்து, ஒவ்வொரு ஃபிரேமையும் பெரிய லித் ஃபிலிம்களாக்கி, அடியிலிருந்து ஒளியூட்டித் திரும்பப் படம் பிடித்தார்கள். உடையில் ஓடும் நீலக்கோடுகள் கணினி வரைந்தவை என்றே பலரும் இன்றும் நம்புகிறார்கள். அவை கைவேலை.

தமிழ்த் திரையில் ஒளிரும் எழுத்துக்கென்றே விசில் விழுந்தது 1992-இல். சுரேஷ் கிருஷ்ணா இயக்கிய 'அண்ணாமலை'யில் ஒளிப்புள்ளிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து 'சூப்பர் ஸ்டார்' என்று ஆங்கிலத்தில் உருவான டைட்டில் அட்டை, பின்னால் வந்த ரஜினி படங்களுக்கெல்லாம் முத்திரையாகிப்போனது. படக்கதை தொடங்குவதற்கு முன்பே கைதட்டல் வாங்கிய எழுத்து அது.

ஃபோட்டோஷாப்பின் பிறப்பில் சினிமாவுக்கு நேரடித் தொடர்பு உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த தாமஸ் நால் 1987-இல் தன் மேக்கில் படங்களைச் சாம்பல் நிறச் சாயல்களோடு காட்டச் சிறு நிரல் ஒன்றை எழுதினார். அவருடைய தம்பி ஜான் நால், 'ஸ்டார் வார்ஸ்' காட்சிகளைச் செய்த இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக்கில் கேமரா வேலை பார்த்தவர். அண்ணனின் நிரலில் ஒரு முழு மென்பொருளே இருப்பதைக் கண்டுகொண்டவர் அவர்தான். அடோபி அதை 1990 பிப்ரவரியில் வெளியிட்டது.

ஆனால் அந்த முதல் பதிப்பில் லேயர் கிடையாது. எழுத்தைத் தட்டிப் படத்தில் இறக்கிவிட்டால் அது வெறும் புள்ளிகள், பிழை திருத்த முடியாது. பின்வாங்குவதும் ஒரே ஒரு படிதான். அந்தக் காலத்தில் ஓர் எழுத்தை ஒளிரவைக்க வேண்டுமென்றால், முதலில் அதை ஒரு சேனலில் கறுப்பு வெள்ளையாக வைத்து, நகலெடுத்து, நகலைச் சில புள்ளிகள் அகலப்படுத்தி, காஸியன் பிளர் கொடுத்து மங்கலாக்கி, அதைத் தேர்வாக மாற்றி நிறம் நிரப்பி, கடைசியாகக் கூர்மையான எழுத்தை மேலே உட்காரவைக்க வேண்டும். இருட்டறைக் கேமராக்காரர் செய்த அதே வரிசை. லித் ஃபிலிம் இருந்த இடத்தில் சேனல், வடிகட்டி இருந்த இடத்தில் பிளர், அவ்வளவுதான் மாற்றம்.

இந்த வித்தைகளைப் பரப்பியதில் கை க்ராஸின் பெயரைத் தவிர்க்க முடியாது. சேனல்களைக் கூட்டிக் கழித்து நிழலும் ஒளியும் வரவழைக்கும் குறிப்புகளை எழுதிப் பகிர்ந்தவர் அவர். 'கைஸ் பவர் டூல்ஸ்' என்ற ஃபில்டர் தொகுப்பும் அவருடையது. ஏலியன் ஸ்கின் நிறுவனம் 'பிளாக் பாக்ஸ்' என்றும் பிறகு 'ஐ கேண்டி' என்றும் விற்ற தொகுப்பு, பத்துப் படிகளை ஒரே பொத்தானாகச் சுருக்கியது. 1996-இல் வெளிவந்த இலவச மென்பொருளான கிம்ப், விரைவிலேயே 'ஏலியன் குளோ', 'நியான்' என்ற பெயர்களோடு லோகோ நிரல்களைச் சேர்த்துக்கொண்டது. சொல்லைத் தட்டினால் கறுப்புப் பின்னணியில் பச்சையாகப் பளபளத்து வரும். தொண்ணூறுகளின் இறுதியில் பொழுதுபோக்காக லோகோ செய்த மாணவர்களுக்கு அந்தப் பச்சை மறந்திருக்காது.

1994-இல் ஃபோட்டோஷாப் 3 லேயரைக் கொண்டுவந்தது. 1998-இல் ஐந்தாம் பதிப்பு, தட்டிய பிறகும் திருத்தக்கூடிய எழுத்தையும் 'லேயர் எஃபெக்ட்ஸ்' என்ற தொகுதியையும் தந்தது. நிழல், உள்ளொளி, வெளியொளி, புடைப்பு எல்லாம் அதில் வந்தன. முக்கியமான புதுமை வேகம் அல்ல. எழுத்தை மாற்றினால் ஒளியும் கூடவே மாறிக்கொண்டது என்பதுதான். அதுவரை ஒளி என்பது படத்தில் பூசப்பட்ட நிறம். அன்றுமுதல் அது எழுத்தோடு ஒட்டிய குணம்.

அந்த ஒளி 'ஸ்கிரீன்' என்ற கலவை முறையில் விழுகிறது. ஒரே திரையில் இரண்டு ஸ்லைடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டும்போது வெளிச்சம் கூடுவதைப் போன்ற கணக்கு அது, கூடுமே தவிரக் குறையாது. எனவேதான் வெள்ளைப் பின்னணியில் 'அவுட்டர் குளோ' போட்டால் ஒன்றுமே தெரியாது. புதிதாகக் கற்பவர்கள் கணினியில் ஏதோ கோளாறு என்று நினைத்து மறுபடி மறுபடி டிக் போட்டுப் பார்ப்பார்கள். வெள்ளையோடு எதைக் கூட்டினாலும் வெள்ளைதானே.

தமிழ்நாட்டு ஃப்ளெக்ஸ் பேனர்களில் இந்த ஒளி வேறு ஒரு வேலைக்கு வந்தது. தலைவர் படம், தொண்டர்களின் சிறு படங்கள், பூ, மேகம், சிங்கம் என்று இடமே இல்லாமல் நிறைந்த பேனரில் பெயர் எங்கே தெரியும்? எழுத்தைச் சுற்றி ஒரு தடித்த 'ஸ்ட்ரோக்', அதற்கு வெளியே ஒரு 'குளோ' கொடுத்தால் பின்னணியிலிருந்து பெயர் பிரிந்து நிற்கும். அழகுக்காக வந்ததைவிட வாசிப்பதற்காக வந்தது என்பதே சரி. சுவையைப் பழிப்பவர்கள் இதையும் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம். அச்சு மையால் வெளிச்சம் தர முடியாது. திரையில் பளிச்சென்ற நீலம் ஃப்ளெக்ஸில் மங்கி வரும், அதை ஈடுகட்டச் சுற்றுப்புறத்தை இன்னும் கறுப்பாக்குவார்கள். டிடிபி கடைக்காரருக்கு இதோடு எழுத்துச் சிக்கலும் இருந்தது. பழைய ஃபோட்டோஷாப்பில் யூனிகோட் தமிழைப் போட்டால் கொம்பு இடம் மாறி, எழுத்துகள் சிதறிவிடும். அதனால் பாமினி போன்ற பழைய குறியேற்ற எழுத்துருக்கள், யூனிகோட் பரவிய பிறகும் பேனர் கடைகளில் நெடுங்காலம் நீடித்தன.

இப்போது சிற்றுண்டிக் கடைச் சுவரிலும் கல்யாண மேடையிலும் எரியும் 'நியான்' பெரும்பாலும் சிலிக்கான் உறைக்குள் அடைத்த எல்இடி பட்டை. அக்ரிலிக் பலகையில் இயந்திரம் வெட்டிய பள்ளத்தில் பட்டையை அழுத்தி ஒட்டுகிறார்கள். நெருப்பும் இல்லை, ஊதுகுழலும் இல்லை. ஆர்டருக்கு முன் வாடிக்கையாளரின் வாட்ஸப்புக்குப் போவது, செங்கல் சுவர்ப் படத்தின்மேல் 'அவுட்டர் குளோ' போட்ட மாதிரிப் படம். முன்பு மென்பொருள் குழாயைப் பார்த்துச் செய்தது, இப்போது பட்டை மென்பொருளைப் பார்த்து வளைகிறது. அங்கேதான் தமிழ் எழுத்து முரண்டு பிடிக்கிறது. ஓர் அளவுக்குமேல் பட்டையை மடக்கினால் உள்ளே இருக்கும் விளக்குகள் செத்துப்போகும். ண, ஞ போன்ற எழுத்துகளின் சிறு சுழிகள் அந்த அளவுக்குள் அடங்குவதில்லை. பலகையைப் பெரிதாக்க வேண்டும், இல்லையென்றால் சுழியை விரித்து எழுத வேண்டும். மாதிரிப் படத்தில் இந்தச் சிக்கல் எதுவும் தெரியாது.