கிட்டாத மடல்கள்

நம் வட்டத்துக் கவியரங்குகளில் கிளியோபாத்ரா பலமுறை பாடப்பெற்றிருக்கிறாள். நாடகமும் திரைப்படமும் அவளையும் அந்தோணியையும் ஓயாது பேசவைத்ததால், அவ்விருவரும் எழுதிக்கொண்டவற்றை நாமே படித்துவிட்டது போன்றதொரு மயக்கம் நமக்கு உண்டு. உண்மையில் அவர்களிடையே சென்ற மடல்களில் ஒரு வரிகூட எஞ்சவில்லை.

மடல்கள் இருந்தனவா? இருந்தன என்கிறது ஒரு செய்தி. அந்தோணி நீதியிருக்கையில் அமர்ந்து சிற்றரசர்களுக்குத் தீர்ப்பு வழங்கிக்கொண்டிருக்கும்போதே, மணிக்கல்லாலும் பளிங்காலும் ஆன பலகைகளில் அரசியின் காதல் மடல்கள் வரும். அவன் அங்கேயே படிப்பானாம். கூறியவன் கால்விசியஸ். அவன் அந்தோணியின் பகைவனான ஆக்டேவியனின் தோழன்! இச்செய்தியை நமக்குத் தரும் புளூட்டார்க், கால்விசியஸின் குற்றச்சாட்டுகளுள் பெரும்பாலானவை பொய்யெனக் கருதப்பட்டன என்றும் எழுதியிருக்கிறார். படித்தவர்களோ பளிங்குப் பலகையைப் பற்றிக்கொண்டு அவ்வெச்சரிக்கையை விட்டுவிட்டனர். முதன்முறை படித்தபோது யானும் அவ்வாறே செய்தேன்.

சீசர் அவளுக்கு எழுதிய கடிதங்களின் கதையும் இத்தகையதே. கி.மு. 30-இல் அந்தோணி மாண்டபின் ஆக்டேவியன் அவளைக் காண வந்தான். அவனைத் தன் மகனாக ஏற்றிருந்தவர் சீசர். அவர் தனக்கு எழுதிய கடிதங்களை அவள் மார்பில் செருகி வைத்திருந்து, அன்புச் சொற்களைப் படித்துக் காட்டி, அவற்றை முத்தமிட்டு அழுதாள் என்கிறார் தியோ காசியஸ். அவர் எழுதியது இருநூறு ஆண்டுகளுக்கும் பின்னர். அதே சந்திப்பை விரிவாக வரைந்த புளூட்டார்க்கிடம் இக்கடிதங்கள் இல்லை. தியோ கூறுவது மெய்யே எனினும், உயிருக்கும் பிள்ளைகளுக்குமாக வென்றவன்முன் படிக்கப்பெற்ற மடல் அங்கே விண்ணப்பமாகிவிட்டது.

அவளைப் பற்றி அந்தோணியின் சொற்களாகவே நமக்கு எஞ்சியிருப்பது எது? சுவெட்டோனியஸ் எடுத்துக்காட்டும் ஒரு கடிதப் பகுதி. அதுவும் அவளுக்கு எழுதியதன்று, ஆக்டேவியனுக்கு எழுதியது. அரசியோடு தான் கூடியிருப்பதா உன்னை மாற்றியது, நீ மட்டும் உன் மனைவியோடு நின்றவனோ என்று கேட்கும் அதன் மொழி, அவையில் படிக்கத்தக்கதன்று. காதலைத் தேடிப் போனவனுக்குக் கிடைப்பது இரண்டு அரசியல்வாதிகளின் ஏச்சு.

கிளியோபாத்ராவின் பக்கத்தில் மிஞ்சியது இன்னும் விந்தையானது. பெர்லினில் உள்ள பாப்பிரசுத் தாள் ஒன்று கி.மு. 33-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஓர் உரோமானியன் ஆண்டுதோறும் 10,000 மூட்டைக் கோதுமையை வரியின்றி ஏற்றுமதி செய்யவும், 5,000 சாடி மதுவை வரியின்றி இறக்குமதி செய்யவும் அரசி தந்த ஆணை அது. கீழே வேறொரு கையால் கிரேக்கச் சொல் ஒன்று: ‘ஆகுக’. அக்கை கிளியோபாத்ராவினதே என்று 2000-ஆம் ஆண்டில் பீட்டர் வான் மின்னன் என்னும் அறிஞர் வாதிட்டார். அனைவரும் அதனை ஏற்கவில்லை. அவர் கூறுவது சரியெனில், உலகமெல்லாம் காதலியாகப் போற்றிய ஒருத்தியின் எழுத்தாக நம்மிடம் உள்ளது ஒரு வரிவிலக்கின் ஒப்புதல். கோதுமைக் கணக்கைப் பார்த்துக் கையெழுத்திட்ட அவ்வரசியை நம் பாடல்களில் எங்கும் யான் கண்டதில்லை.

அத்தாளும் எவரும் போற்றிக் காத்ததால் கிட்டியதன்று. பழந்தாளெனக் கழிக்கப்பட்டு, பதப்படுத்திய பிணம் ஒன்றின் உறைக்காக ஒட்டப்பெற்ற தாள்களிடையே அது கிடந்தது.