யார் கிளப்பினாங்க?

இடப்பெயர்வு என்றாலே பிழைப்புத் தேடிப் போவது என்றுதான் அரசுப் புள்ளிவிவரம் பேசிப் பழகியிருக்கிறது. பிழைப்பு இருந்த இடத்திலேயே இருக்க, வீட்டை மட்டும் பெயர்த்துக் கொண்டுபோய் வைத்தால் அதற்கு என்ன பெயர்?

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்திலிருந்து பல குடும்பங்கள் செம்மஞ்சேரிக்கு அனுப்பப்பட்டன. ஏறத்தாழ 20 கிலோமீட்டர். கடலும், பெண்கள் வீட்டுவேலைக்குப் போன மயிலாப்பூர்த் தெருக்களும் இங்கேயே இருக்கின்றன.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பெயர்ந்து வந்த காரணத்தை 1981 முதல் கேட்கிறது. 1991 பட்டியலில் இருந்த இயற்கைச் சீற்றம் 2001இல் நீக்கப்பட்டது. ஆக, 2011இல் இவர்களுக்கு மிஞ்சியவை இரண்டு: 'குடும்பத்தோடு வந்தவர்', இல்லையேல் 'பிற'. வந்தார்களா, அனுப்பப்பட்டார்களா? வினைச்சொல்லிலேயே அரசு ஒளிந்துகொள்கிறது என்பதுதான் என் வாதம்.

வேலைக்குப் போகும் தூரத்தையும் அப்போது கேட்டார்கள், நிஜந்தான். தூரத்தாலேயே வேலையை விட்ட பெண் அதில் எங்கே? அவள் 'வேலை செய்யாதவர்', அவ்வளவுதான்.

இன்னொன்று. ஊர் எல்லையைத் தாண்டினால்தான் கணக்கில் இடப்பெயர்வு. 2011 பிப்ரவரியில் கணக்கெடுத்தபோது செம்மஞ்சேரி காஞ்சிபுரம் மாவட்டத்துக் கிராமம். அக்டோபரில் சென்னை மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. இனி அதே வழியில் துரத்தப்படுகிறவர் ஊருக்குள்ளேயே இருப்பவர். கோட்டை நகர்த்தினால் போதும், மனிதர் நகராதவராகிவிடுவார்.

2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனது. அடுத்து வருகிறவர் "ஏன் வந்தீங்க?" என்பார். "யார் கிளப்பினாங்கன்னு கேளுங்க" என்று நாம் சொல்லியாக வேண்டும்.