மழையை அளந்த இளவரசன்

"நேத்து ராத்திரி நல்ல மழை!" என்று சொல்வது சுலபம். எவ்வளவு மழை என்று கேட்டால்தான் சிக்கல். நம்மூர் விவசாயிகள் 'ஒரு உழவு மழை' என்பார்கள். அதாவது ஏர் பூட்டி உழும் அளவுக்கு மண் நனைந்திருக்கிறது என்று அர்த்தம். கொரியாவிலும் இதே மாதிரி, களைக்கொத்து இறங்கும் ஆழத்தை வைத்து மழையைச் சொல்லும் வழக்கம் இருந்தது.

கொரியாவை ஜோசோன் வம்சத்து அரசர் சேஜோங் ஆண்ட காலம் அது. கொரிய எழுத்துக்களை உருவாக்கிய அதே சேஜோங்தான். மாகாண அதிகாரிகள் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் மண்ணைத் தோண்டி, ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பார்த்துத் தலைநகருக்கு எழுதி அனுப்ப வேண்டும். ஆனால் இந்தக் கணக்கு எப்படிச் சரியாக வரும்? ஏற்கெனவே ஈரமாக இருக்கும் மண்ணில் சின்ன மழைகூட ஆழமாக இறங்கும். காய்ந்து கிடக்கும் மண்ணில் பெரிய மழையும் மேலோடு நின்றுவிடும். ஒரே மழைக்கு இரண்டு ஊரில் இரண்டு கணக்கு!

1441-ல் பட்டத்து இளவரசர் (பின்னால் அரசர் முன்ஜோங்) வறட்சியை நினைத்துக் கவலைப்பட்டு, மழை பெய்யும்போதெல்லாம் தானே மண்ணைத் தோண்டிப் பார்த்தார். சரிவரவில்லை. உடனே செம்பில் ஒரு பாத்திரம் வார்த்து, அரண்மனையில் வைத்து, அதில் தேங்கிய தண்ணீரை அளந்து பார்த்தார். கொரியாவில் பலர் இதை ஜாங் யோங்-சில் என்ற புகழ்பெற்ற கைவினைஞரின் கண்டுபிடிப்பு என்பார்கள். ஆனால் அரசவைக் குறிப்பு சொல்வது இளவரசரைத்தான்.

அடுத்த வருடம், 1442-ல், கருவிக்கு 'சுகுகி' என்று பெயர் வைத்து அளவும் நிர்ணயித்தார்கள். உயரம் சுமார் 31 செ.மீ., விட்டம் சுமார் 14.5 செ.மீ. வாய் அகலமான பாத்திரம் என்றால் அதிகத் தண்ணீர் பிடிக்குமே, கணக்கு தப்பாகாதா? ஆகாது. பாத்திரம் நேராக இருந்தால் போதும், அகலம் எதுவானாலும் தண்ணீர் நிற்கும் உயரம் ஒன்றுதான். அந்த உயரத்தைக் கோலால் அளந்து, மழை எப்போது தொடங்கியது, எப்போது விட்டது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அவர்களுடைய மிகச் சிறிய அளவு சுமார் 2 மில்லிமீட்டர்.

இத்தனை அக்கறை ஏன்? வரி! 1444-ல் வந்த புதிய வரிச் சட்டப்படி விளைச்சலைப் பொறுத்து வருடங்களை ஒன்பது தரமாகப் பிரித்தார்கள். நல்ல வருடத்தில் 20 பங்கு கட்ட வேண்டிய நிலத்துக்கு மோசமான வருடத்தில் 4 பங்குதான். மழைக் கணக்கு தப்பானால் உழவன் தலையில்தான் விடியும்.

"உலகின் முதல் மழைமானி" என்று இதைச் சொல்வதுண்டு. கொஞ்சம் மிகை. மழையை அளக்கக் கிண்ணம் வைக்கச் சொல்லி நம் அர்த்தசாஸ்திரத்திலேயே இருக்கிறது. ஆனால் நாடு முழுக்க ஒரே அளவுப் பாத்திரம், ஒரே முறை, எல்லாக் கணக்கும் ஓரிடத்துக்கு... இதைச் செய்து காட்டியவர்கள் கொரியர்கள். இத்தாலியில் காஸ்டெல்லி மழையை அளந்தது 1639-ல்தான்.

1592-ல் தொடங்கிய ஜப்பானியப் படையெடுப்புக்குப் பிறகு இந்த வழக்கம் நின்றுபோனது. 1770-ல் அரசர் யோங்ஜோ, சேஜோங் கால முறைப்படியே மறுபடி செய்யச் சொன்னார். அந்தப் பீடங்களில் சீனப் பேரரசரின் ஆட்சியாண்டு பொறித்திருந்ததால், "இது சீனக் கருவி" என்று பின்னாளில் ஒரு சர்ச்சையே கிளம்பியது. அக்காலக் கொரியர்கள் சீன ஆண்டுக் கணக்கைத்தான் எழுதினார்கள், அவ்வளவுதான்.

சியோலில் அப்போது தொடங்கிய பதிவுகள் 1907 வரை தொடர்ந்தன. பழைய வறட்சிகளை ஆராய்பவர்களுக்கு இன்றும் அது பொக்கிஷம். கருவிகளில்தான் மிஞ்சியது ஒன்றே ஒன்று. கோங்ஜு நகரில் இருந்த அதை வாடா யூஜி என்ற ஜப்பானிய வானிலையாளர் கொண்டுபோய்விட்டார். 1971-ல்தான் கொரியாவுக்குத் திரும்பி வந்தது. 1837-ல் செய்தது என்று அதன் மேலேயே வெட்டியிருக்கிறது. கூடவே உயரமும் விட்டமும். இரண்டும் 1442-ல் நிர்ணயித்த அதே அளவுகள்.