வாய்விட்டுப் பாடிய வரலாறு

நம் சங்கத்து அன்பர்களுக்கு ஆரியசாலையைப் பற்றி நான் எடுத்துக் கூற வேண்டுவதில்லை. திவான் இராஜா கேசவதாசர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அமைத்த சாலைக் கடைத்தெருவை நம்பித் தமிழர் பலர் குடிவந்த பகுதி இது. பகலெல்லாம் விலை பேசும் குரலே கேட்கும் இத்தெருவில், சென்ற டிசம்பர் மாதத்து இரவொன்றில், கிறிஸ்துமஸ் பஜனைக் கூட்டத்தார் தபேலாவும் கைத்தாளமும் கொண்டு தமிழ்க் கீர்த்தனை பாடி வந்தனர். முன்னே நின்று பாடியவர் கடைகளில் மூட்டை சுமக்கும் ஒருவர். கண்களை மூடி, தலையை அசைத்து, சுருதி சற்று விலகியதையும் பொருட்படுத்தாது பாடினார். இருபது ஆண்டுகளாக இரயில்வே அலுவலகத்தில் மேலதிகாரியின் முன் குரலைத் தாழ்த்திப் பேசியே பழகிய நான், திண்ணையில் நின்று அவரைக் கண்டு பொறாமை கொண்டேன். இத்தகைய கூச்சமற்ற பாட்டு நமக்கு எளிதில் வாய்த்ததன்று.

1706ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கும் அவர் வழிவந்தோரும் ஜெர்மானியப் பாடல்களைத் தமிழாக்கி, அந்நாட்டு மெட்டிலேயே சபையாரைப் பாடச் செய்தனர். பின்னர் பப்ரீஷியஸ் ஐயர் ஆக்கிய ஞானப்பாட்டுகள் பக்திச் சுவை மிக்கவை. இன்றும் பல சபைகளில் அவற்றைக் கேட்கலாம். எனினும் அயல்நாட்டு மெட்டுக்குத் தமிழின் குறில் நெடில் தெரியாது. மெட்டு நீளுமிடத்தில் குறில் வந்து விழின், 'விடு' என்பது 'வீடு' ஆகும்; 'பல்' என்பது 'பால்' ஆகும். தன் வாயிலிருந்து வருவது தன் மொழிதானா என ஐயுறுபவன் எங்ஙனம் வாய்விட்டுப் பாடுவான்? உதட்டளவில் முணுமுணுப்பான். இளமையில் ஆலயத்தில் நானும் அங்ஙனம் முணுமுணுத்தவனே.

இக்குறையைத் தீர்த்தவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). மாயூரம் வேதநாயகம் பிள்ளையோடு இவரை மயங்குவோர் படித்தவரிடையேயும் உளர். அவர் வேறு, இவர் வேறு. திருநெல்வேலிச் சீமையில் பிறந்த இவரைச் சிறுவராயிருக்கும்போதே சுவார்ட்சு ஐயர் தஞ்சைக்கு அழைத்துச் சென்று கற்பித்தார். அவர் பராமரிப்பில் வளர்ந்த மற்றொருவர் பின்னாளில் மன்னரான சரபோஜி. சாஸ்திரியார் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் நம் கீர்த்தனை அமைப்பிலே வேதப் பொருளைப் பாடினார். அதனோடு அமையாது, கும்மி, குறவஞ்சி முதலிய பொதுமக்கள் வடிவங்களையும் கையாண்டார். பெத்லகேம் குறவஞ்சி 1800ஆம் ஆண்டில் தோன்றியது.

மக்கள் மகிழ்ந்தனர். ஆனால் 1820களில் வந்த புதிய பாதிரிமார் சிலர் மகிழவில்லை. ஆலயத்தில் தமிழ்க் கீர்த்தனை பாடுதல் அவர்கள் செவிக்கு வழிபாட்டுக்குரியதாகத் தோன்றவில்லை. சாஸ்திரியார் எதிர்த்து எழுதினார்; 1829இல் மிஷன் வேலையை இழந்தார். அவரைத் தாங்கியவர் சரபோஜி மன்னர். கிறிஸ்தவக் கவியைக் கிறிஸ்தவர் கைவிட, இந்து மன்னர் ஆதரித்த இச்செய்தியை நான் பலமுறை எண்ணி வியந்ததுண்டு.

ஒன்றை மறைத்தல் நேர்மையன்று. அப்பூசலில் பாட்டு மட்டும் இருக்கவில்லை. ஆலயத்தில் சாதிவாரியாகத் தனித்தனியே அமரும் வழக்கத்தை ஒழிக்கப் பாதிரிமார் முயன்றனர். அதனையும் சாஸ்திரியார் எதிர்த்தார். பாட்டில் அவர் பக்கம் நிற்கும் என்னால், இதில் நிற்க இயலவில்லை. யார் யாரைத் தள்ளி அமர்த்த அவர் உடன்பட்டாரோ, அவர்தம் வழிவந்தோரே பின்னர் அவர் கீர்த்தனைகளை ஊரெங்கும் உரக்கப் பாடினர்.

சாஸ்திரியாருக்கு முதுமையில் ஓர் ஆறுதல் கிட்டிற்று. மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் ஐயர் கீர்த்தனைகளின் அருமையை உணர்ந்து அவற்றைத் திரட்டி, 1853இல் வழிபாட்டுக்குரிய நூலாக அச்சேற்றினார். அதன்பின் கீர்த்தனை ஆலயத்துள் தலைநிமிர்ந்து நுழைந்தது. நம் திருவிதாங்கூரிலும் அந்நெறி பரவிற்று. மயிலாடியில் பிறந்த ஜான் பால்மர் தமிழிலும், நெய்யாற்றின்கரைப் பகுதியைச் சேர்ந்த மோச வத்சலம் சாஸ்திரியார் (1847–1916) மலையாளத்திலும் கீர்த்தனைகள் இயற்றினர். இந்நகரத்து மலையாள ஆலயங்களில் தமிழர் செவிக்குப் பழகிய அமைப்பு கேட்பதன் காரணம் இதுவே.

கர்நாடக இசையும் எல்லார்க்கும் எளிதாயிருக்கவில்லை. மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு (1940–2005) அதனைச் சுட்டிக்காட்டி, கிராமத்து மெட்டுகளிலும் பேச்சுத் தமிழிலும் வழிபாட்டுப் பாடல்கள் அமைத்தார். 'பரட்டை அண்ணன்' என்பது அவர் பூண்ட பெயர். இராகம் அறியாதவனும் தயங்காமல் பாட வேண்டும் என்பது அவர் கருத்து. சாஸ்திரியார் கும்மி பாடியதும் அதன்பொருட்டே அன்றோ!

அன்றிரவு பஜனை எம் வீட்டு வாசலுக்கு வந்தபோது என் மகளும் கூடப் பாடினாள். அவள் பள்ளியில் பயில்வது மலையாளம். தமிழ் எழுத்தை இன்னும் தடவித்தான் படிக்கிறாள். கையில் ஒரு நோட்டு வைத்திருந்தாள். வாங்கிப் பார்த்தேன். கீர்த்தனை முழுவதையும் மலையாள எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். முதலடியிலேயே ஒரு குறிலை நெடிலாக எழுதியிருந்தாள். திருத்த எண்ணிப் பேனாவை எடுத்தேன். அதற்குள் பல்லவி திரும்பி வந்தது. அவ்விடத்தை அவள் குறிலாகவே பாடினாள்.