நிலையம் நாட்ட நிலம் தேடிய கதை

போர்புரிவோனுக்கு இடமறிதல் இன்றியமையாதது என்பர். புதியதொரு விஞ்ஞானத்தை நடைமுறைக்குக் கொணர முனைவோனுக்கும் அஃது அவ்வாறே என்பதைக் கம்பியில்லாத் தந்தியின் சரித்திரம் நன்கு உணர்த்துகின்றது.

அத்திலாந்திக் சமுத்திரத்தின் இரு கரைகளையும் மின்னலைகளால் இணைக்க எண்ணிய இத்தாலியர் மார்க்கோனி, 1900ஆம் ஆண்டில், தமது 26ஆவது வயதில், இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள கோர்ண்வால் பகுதியிற் போல்டு என்னும் கடற்கரை மேட்டைத் தெரிந்தெடுத்தார். அங்கு நின்று மேற்கே நோக்கினாற் கடலன்றி வேறு தடை இல்லை. தேசப்படத்தை விரித்துப் பார்ப்போர் இதனினும் சிறந்த இடம் உண்டோ என்றே வினவுவர். ஆனால், மின்னலை தடையின்றிச் செல்லும் இடத்திற்குப் புயலும் தடையின்றி வருமன்றோ! ஏறத்தாழ 200 அடி உயரமான 20 கம்பங்கள் அங்கே வட்டமாக நாட்டப்பட்டன. 1901 செப்தெம்பர் 17இல் வீசிய புயலில் அவை சரிந்து வீழ்ந்தன. அமெரிக்காவிலே கேப் கொட் கரையில் நாட்டிய கம்பங்களும் அவ்வாண்டு நவம்பரில் அக்கதியையே அடைந்தன.

மார்க்கோனி மனந்தளர்ந்தாரில்லை. போல்டுவில் எளியதோர் ஏரியலை அமைப்பித்து, அக்கரையில் அண்மையிலுள்ள நியூபவுண்லாந்திற்குத் தாமே சென்றார். 1901 டிசம்பர் 12இல் செயின்ற் ஜோன்ஸ் நகரத்துச் சிக்னல் குன்றிலே, பட்டத்திற் கட்டி உயர்த்திய கம்பி வழியாக, போல்டுவிலிருந்து வந்த மூன்று புள்ளி ஒலியைக் கேட்டதாக அறிவித்தார். பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் இதனை ஐயுறுவர். எவ்வாறாயினும், அங்கே நிலையம் அமைக்கச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. கடலடித் தந்தி நடத்திய கம்பனி, அந்நாட்டில் தந்தியுரிமை தனக்கே உரியதென்று வழக்கிட முற்பட்டது. கனடா அரசாங்கமோ பணவுதவியும் அளித்து அவரை வரவேற்றது. கேப் பிரெற்றன் தீவிலுள்ள கிளேஸ் பேயில் நிலையம் எழுந்தது. 1902 டிசம்பரில் அங்கிருந்து போல்டுவிற்குச் செய்தி சென்றது.

ஆயினும், நாள்தோறும் தவறாது செய்தி அனுப்பப் போல்டுவின் ஆற்றல் போதவில்லை. எனவே அயர்லாந்தின் மேற்குக் கரையில், கிளிப்டன் நகருக்கு அருகே, டெரிகிம்லா என்னும் சதுப்பு நிலம் தெரிவுசெய்யப்பட்டது. ஊரவர் அடுப்பெரிக்கக் கரிமண் வெட்டும் நிலம் அது. அதிலே என்ன சிறப்பு? கனடாவிற்குப் போல்டுவிலும் அது அண்மையானது. நெடுந்தூரம் கிடையாக நீட்டிய ஏரியல், தன் நுனி நோக்கும் திசைக்கு எதிர்த்திசையிலேயே அலைகளை வலிமையாகச் செலுத்தும் என்று மார்க்கோனி கண்டிருந்தார். ஆகவே மேற்கே கனடாவிற்குச் செய்தி அனுப்பக் கிழக்கே பரந்த வெளி வேண்டியிருந்தது. அவ்வெளி அங்கே இருந்தது. ஈரநிலமாதலாற் புவித்தொடுப்பும் நன்கு அமைந்தது. கொதிகலன்களை எரிக்க அந்நிலத்துக் கரிமண்ணே உதவியது. பொருள்களை ஏற்றிச்செல்லச் சிறு இருப்புப்பாதை ஒன்றும் இட்டனர். 1907 ஒக்ரோபர் 17இல் கிளிப்டனுக்கும் கிளேஸ் பேக்குமிடையே வர்த்தகச் சேவை ஆரம்பமாயிற்று. 1922இல், அயர்லாந்தின் உள்நாட்டுப் போரிலே சேதமுற்று, கிளிப்டன் நிலையம் மூடப்பட்டது.

தேசப்படம் தூரத்தையும் திசையையும் கூறும். காற்றின் வேகத்தையும், சட்டத்தின் தடையையும், மண்ணின் ஈரத்தையும், எரிபொருளின் விலையையும் கூறாது. அவற்றை அறிய நிலத்தின்மீது சென்று நிற்றல் வேண்டும். இரு கரைகளிலும் கம்பங்கள் வீழக்கண்ட பின்னரே மார்க்கோனிக்கு அச்சதுப்பு நிலத்தின் அருமை புலனாயிற்று. நாளை பாலமோ, துறைமுகமோ, தொழிற்சாலையோ அமைக்கப் புகும் இளைஞர் இதனை நெஞ்சில் இருத்துவாராக.